செந்தூர்க் கரையிலிருந்து ஓர் உலக வலம்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் அலைகள் ஓயாது வந்து மோதும் திருச்செந்தூரில், செந்திலாண்டவன் கிழக்கு முகமாய்க் கடலைப் பார்த்தே நின்றருள்கின்றான். ஒன்பது நிலை இராஜகோபுரமோ அவன் பின்புறம், மேற்கே எழுந்து நிற்கின்றது. அறுபடை வீடுகளில் கடலோரத்தில் அமைந்தது இது ஒன்றே. 2025 ஜூலை 7 அன்று நடந்த குடமுழுக்கின்போது கடற்கரை மணல் தெரியாத அளவுக்குக் கூடி நின்ற அன்பர்களில், கடல் கடந்து வந்தவர்களும் பலர். அவர்களை விமானத்தில் அனுப்பிவைத்த ஊர்களில் எல்லாம் முருகன் கோயில்கள் இருக்கின்றன என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

உலகை வலம் வருதல் என்றால் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மாம்பழம். மயிலேறி உலகைச் சுற்றி வந்தவன் இளையவன். அம்மையப்பரைச் சுற்றி வந்து கனியைப் பெற்றவன் மூத்தவன். அக்கதைக்கு உரிய தலம் பழநி. ஆனால் மயிலுக்கு உரிய தலம் செந்தூர். மாமரமாய் நின்ற சூரபன்மன் வேலால் பிளவுபட்டுச் சேவலும் மயிலுமான கரை இதுதான். 'சூரனே மயிலானான் என்றால், அதற்கு முன்பே உலகைச் சுற்றிய மயில் எது?' என்று பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்கத் தகுந்த கேள்வியே. பெரியோர் மயில் மூன்று என்பர்: உலகை வலம் வந்த மந்திர மயில், இந்திரன் உருக்கொண்ட தேவ மயில், சூரன் மாறிய அசுர மயில்.

செந்தூர்ப் பெருமான் தாமே ஒருமுறை கப்பலேறியதாகவும் தலவரலாறு கூறுகின்றது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒல்லாந்தர் இக்கோயிலைக் கைப்பற்றி, உற்சவமூர்த்தியை எடுத்துச் சென்றனர். நடுக்கடலில் புயல் எழவே அஞ்சிய மாலுமிகள் மூர்த்தியைக் கடலில் இட்டனர். பின்னர் வடமலையப்ப பிள்ளையின் கனவில் பெருமான் தோன்றி, கடலில் எலுமிச்சம்பழம் மிதந்து, மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடுமாறு உணர்த்த, அவ்வாறே 1653-இல் மூர்த்தி மீட்கப்பெற்றார் என்பது வரலாறு. கடலை நன்கு அறிந்த மக்களிடையேதான் இத்தகைய வரலாறு பிறக்க முடியும்.

இக்கரையினர் அத்தகையவரே. இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் கொற்கை, ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, அதன் முத்துக்குளிப்பைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. தண்டனை பெற்ற கைதிகளே குளிக்க விடப்பட்டனர் என்றும் கூறுகின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இன்னொரு செய்தி தருகின்றார். முத்துக்குளிப்போரைச் சுறா தீண்டாதிருக்க மந்திரம் ஓதி மீன்களைக் கட்டுவோர் இருந்தனராம். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு, பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவர் என்கின்றார். இல்லையேல் இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளித்து முத்தெடுத்துவிடலாம் அன்றோ! முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பது இன்றும் இக்கரையின் வழக்கு. இப்பக்கத்தில் இறுதியாக முத்துக்குளிப்பு நிகழ்ந்தது 1961-இல். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர்.

பயணச்சீட்டைப் பற்றிய பேச்சுக்கும் இவ்வூரே தொடக்கம். 1914-இல் பாம்பன் பாலம் வரும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இரயிலில் தூத்துக்குடிக்கு வந்து, இங்கிருந்தே கப்பல் ஏறினர். அந்தக் கப்பல் வழி முழுவதும் ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொணர்ந்தார். போட்டி தாளாத எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. அதுவும் பலிக்காமல், இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஏறியவருக்கு ஒரு குடையும் கொடுத்தது! குடையை வாங்கிக்கொள்ளாமல் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறியவர்களும் இவ்வூரில் இருந்தனர். 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார், கம்பெனி நொடித்தது. கப்பலில் தமிழர்களைக் கட்டிப்போட நினைத்த அந்தக் குடையின் பேரப்பிள்ளைதான் இன்றைய விமான 'மைல்'.

மைல் என்றால் என்ன என்பதை முதியோருக்கு விளங்கச் சொல்வதானால், அது ஒருவகைப் புண்ணியக் கணக்கு. ஒரே நிறுவனத்தின் விமானத்தில், அல்லது அதனோடு கூட்டுச் சேர்ந்த நிறுவனங்களின் விமானத்தில் மீண்டும் மீண்டும் பறப்பவர் பெயரில் புள்ளிகள் ஏறுகின்றன. வங்கியின் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தினாலும் சில ஏறும். போதிய அளவு சேர்ந்தபின் அப்புள்ளிகளைக் கொடுத்துப் பயணச்சீட்டு பெறலாம். சேர்த்தவரே பறக்க வேண்டும் என்பதில்லை; பெற்றோர் பெயருக்கும் சீட்டு எடுக்கலாம். நெடுநாள் பயன்படுத்தாது வைத்திருந்தால் கரைந்துவிடும். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கிய இத்திட்டத்தை இன்று ஏறத்தாழ எல்லாப் பெரிய நிறுவனங்களும் பின்பற்றுகின்றன.

தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களில் பிள்ளைகளைச் சிட்னியிலோ, இலண்டனிலோ, டல்லஸிலோ வைத்திருக்கும் வீடுகள் மிகுதி. அப்பிள்ளைகள் அலுவலக வேலையாய் உலகைச் சுற்றிச் சுற்றி மைல் சேர்க்கின்றனர். சேர்ந்த மைலை ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வரச் செலவிடுகின்றனர். ஒருமுறையாவது அதை அப்பா அம்மாவுக்குத் தந்து, 'நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்' என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. மூத்தவன் செய்ததைச் செய்ய இயலாமல், இளையவன் செய்ததைப் பெற்றோரின் கையில் கொடுக்கும் வழி அது.

அவ்வாறு கிடைத்த மைலில், கண்ட ஊரெல்லாம் அலையாமல், முருகன் எழுந்தருளியுள்ள ஊர்களை மட்டுமே கொண்டு ஓர் உலக வலம் அமைக்க முடியுமா? முடியும். அதற்கு வலம் எந்தத் திசை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

திருக்கோயிலில் வலம் வருங்கால் மூர்த்தி நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பூமிக்கு வடக்கே மேரு என்பது புராண மரபு. கதிரவன் மேருவை வலமாகச் சுற்றுகின்றான் என்றும் அவை கூறும். மேற்கு நோக்கி நிற்பவருக்கு வலக்கைப் பக்கம் வடக்கு. ஆகவே மேற்கு நோக்கிப் புறப்பட்டுக் கிழக்கிலிருந்து வீடு திரும்புவதே முறையான வலம். மாறாகச் சென்றால் அது இடம். விமான நிறுவனங்களுக்கு இக்கவலை இல்லை. அவர்களின் உலகச் சுற்றுச் சீட்டுக்கான விதி வேறு: கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் செல்ல வேண்டும், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு முறை கடக்க வேண்டும், புறப்பட்ட நாட்டிலேயே முடிக்க வேண்டும். இந்த விதிகளைப் படிக்கும் கோயில் அன்பருக்குப் பிராகாரம் சுற்றும் ஒழுங்கு நினைவுக்கு வராமல் போகாது.

மைலுக்கு உலகச் சுற்று தரும் நிறுவனங்கள் குறைந்து வருகின்றன. ஜப்பானின் ஆல் நிப்பான் நிறுவனம் 2025-இல் அதைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம், தான் சேர்ந்துள்ள ஒன்வேர்ல்டு கூட்டமைப்பின் விமானங்களில், மொத்தம் 35,000 மைல் தூரத்துக்கு மிகாமல், வழியில் ஐந்து ஊர்களில் தங்கிச் செல்லும் சீட்டைப் புள்ளிகளுக்குத் தந்து வருகின்றது. சிட்னியில் பிள்ளை இருப்போருக்கு இது ஏற்றது. 24 மணி நேரத்துக்குள் வேறு விமானம் மாறிச் சென்றால் அது தங்கலாகக் கணக்கிடப்படாது. ஐந்து என்னும் எண்ணிக்கையில்தான் மனம் படும் பாடு தொடங்குகின்றது. இலண்டன், வாஷிங்டன், சான் பிரான்சிஸ்கோ, ஃபிஜி, சிட்னி, கோலாலம்பூர், கொழும்பு என ஏழு ஊர்களிலும் அல்லது அவற்றின் அருகிலும் முருகன் இருக்கின்றான். இரண்டை விட வேண்டும். எந்த இரண்டை?

சான் பிரான்சிஸ்கோவையும் சிட்னியையும் விடலாம். முன்னதன் அருகே கான்கார்டில் சிவ முருகன் ஆலயமும், சிட்னியின் மேற்கே மேஸ் ஹில்லில் முருகன் ஆலயமும் உள்ளன. சிட்னியில் பிள்ளை இருந்தால் அவ்வூரை வேறொரு முறை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். விமானம் மாறும் இடைவெளி பகற்பொழுதாக அமைந்தால் தரிசனத்துக்கே கூட நேரம் கிட்டும்.

சென்னையிலிருந்து இலண்டன் முதல் இறக்கம். நகரின் வடபுறம் ஆர்ச்வே சாலையில் உள்ள ஹைகேட்ஹில் முருகன் ஆலயம், ஈழத் தமிழர்களின் பெருமுயற்சியால் எழுந்து 1986 முதல் விளங்குவது. 2002-இல் எலிசபெத் அரசியார் இங்கு வருகை தந்தார். பிரிட்டனில் ஓர் இந்துக் கோயிலுக்கு அவர் வந்தது அதுவே முதன்முறை. மைலில் சீட்டு எடுத்தாலும் வரியும் எரிபொருள் கட்டணமும் பணமாகவே கட்ட வேண்டும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இலண்டனில் ஒரு நாளுக்கு மேல் தங்கிப் புறப்படுவோரிடம் அந்நாட்டு அரசு வாங்கும் பயணி வரி சிறிதன்று. 'இலவசம்' என்று பிள்ளை சொன்னதை நம்பிக் கையை வீசிக்கொண்டு புறப்பட வேண்டாம்.

அட்லாண்டிக்கைக் கடந்தால் வாஷிங்டன். அருகே மேரிலாந்து மாநிலத்தின் லான்ஹமில் வட அமெரிக்க முருகன் ஆலயம் உள்ளது. அமெரிக்க விசாவுக்கு நேர்காணல் நாள் கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகலாம். ஆதலால் மற்றெல்லாவற்றுக்கும் முன்னர் அதைத் தொடங்க வேண்டும்.

அங்கிருந்து அமெரிக்காவின் குறுக்கே பறந்து, சான் பிரான்சிஸ்கோவில் விமானம் மாறி, பசிபிக்கைக் கடந்து ஃபிஜித் தீவின் நாடி நகரம். இந்த வலத்தின் நடுநாயகம் இலண்டனன்று, வாஷிங்டனுமன்று, நாடிதான். 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஐந்தாண்டு உடன்படிக்கை முடிந்தபின் ஊர் திரும்ப இயலாமல், தீவிலேயே தங்கியவர் பல்லாயிரவர். அவர்கள் 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை அமைத்துப் பள்ளிகளையும் கோயில்களையும் காத்தனர். நாடியிலுள்ள ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி ஆலயத்தின் இன்றைய வண்ணக் கோபுரங்கள் 1994-இல் குடமுழுக்குக் கண்டவை. இப்பொழுது அங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் தமிழ்ப் பேச்சு நின்றுவிட்டது. ஆயினும் காவடி நிற்கவில்லை. செந்தூரிலிருந்து ஒருவர் அங்கு சென்று நின்றால், அவ்வூரார் எந்த ஊரிலிருந்து என்று கேட்பர். தங்கள் கொள்ளுப்பாட்டனார் கப்பலேறிய கரைக்குப் பக்கத்துக் கரை அதுவென்று அறியும்போது அவர்கள் காட்டும் அன்புக்கு வேறு சொல் வேண்டியதில்லை. செந்தூரின் பன்னீர் இலை விபூதி நான்கைந்து பொட்டலம் கொண்டு செல்வது நன்று. ஃபிஜி விதைகள், செடிகள், உணவுப்பொருள் ஆகியவற்றை விமான நிலையத்தில் கண்டிப்பாகச் சோதிக்கும் நாடு; ஆதலால் இலையை விடுத்து விபூதியை மட்டும் எடுத்துச் செல்வதே சிக்கலில்லாத வழி.

பசிபிக்கில் ஒரு நாள் காணாமற்போகும். மேற்கு நோக்கி உலகைச் சுற்றுவோர் நாள் மாறும் கோட்டைக் கடக்கையில் ஒரு கிழமையை இழப்பர். 1522-இல் மெகல்லனின் கப்பலில் உலகைச் சுற்றி மீண்டோர், தங்கள் கணக்கில் புதனாக இருந்த நாள் கரையில் வியாழனாக இருந்தது கண்டு திகைத்தனர். சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளி இரவு ஏறினால் நாடியில் இறங்குவது ஞாயிறு காலை. புரட்டாசி மாதமாக இருந்தால், பெருமாளுக்கு உரிய ஒரு சனிக்கிழமை கைநழுவிவிடும்! சஷ்டி, கிருத்திகை பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. திதியும் நட்சத்திரமும் சந்திரனைப் பொறுத்தவை, நாட்காட்டிக் கோட்டுக்கு அவை கட்டுப்படா. இழப்பது கிழமைப் பெயரை மட்டுமே. எனவே சனிக்கிழமை விரதம் உடையோர் அந்த விமானத்துக்கு வேறு கிழமையைத் தெரிந்துகொள்வர்.

நாடியிலிருந்து சிட்னி வழியே கோலாலம்பூர். பத்துமலையின் அடியில் 140 அடி உயரத்தில், 2006-இல் நிறுவப்பெற்ற முருகன் திருவுருவம் நிற்கின்றது. குகைக்கு 272 படிகள். முழங்கால் வலியுடையோர் அடிவாரத்திலேயே வணங்கித் திரும்புவதில் குறையொன்றும் இல்லை. தைப்பூசத்தன்றுதான் செல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இளைஞருக்கே தகும். அன்று கூடும் இலட்சக்கணக்கானோர் நடுவே எழுபது வயதினர் நிற்பது எளிதன்று. அங்கிருந்து கொழும்பு சென்று, தரைவழியே தீவின் தென்கோடிக்குப் போனால் கதிர்காமம். அங்கே திருவுருவம் கண்ணுக்குத் தெரியாது, திரையே தரிசனம். திரைக்குப் பின்னே பூசனை செய்யும் கப்புறாளைமார் சிங்களவர். மாணிக்க கங்கையில் நீராடி, அத்திரை முன் தமிழரும் சிங்களவரும் ஒன்றாய் நிற்பதைக் காண்பதே ஒரு பேறு. அருணகிரியார் பாடிப் பரவிய தலம் அது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011-இல் மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டு, அந்த ஆண்டே நின்றுபோனது. அது ஓடியிருந்தால் இந்த வலத்தின் கடைசிக் கடலைக் கப்பலிலேயே கடந்து வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கலாம். இப்போதைக்குக் கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம் உண்டு. சென்னையில் தொடங்கி மதுரையில் முடியும் இச்சுற்றின் வான்வழித் தூரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 24,500 மைல் வரும். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு 24,901 மைல்.

எப்பொழுது புறப்படுவது? ஆவணித் திருவிழாத் தேர் செந்தூரில் நிலைக்கு வந்தபின் கிளம்பி, ஐப்பசிக் கந்த சஷ்டிக்கு முன் திரும்புவது நன்று. அப்பொழுது இலண்டனிலும் வாஷிங்டனிலும் குளிர் தொடங்கியிருக்காது. ஃபிஜியில் புயற்காலம் நவம்பரில்தான். மைலுக்குத் தரும் இருக்கைகள் விமானத்துக்குச் சிலவே. அவை ஓர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்னரே திறக்கப்படும். ஆதலால் இவ்வாண்டு கந்த சஷ்டி முடிந்த கையோடு அடுத்த ஆண்டுக்குப் பிள்ளையைத் தேடச் சொல்ல வேண்டும். சிட்னியில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். சக்கர நாற்காலி உதவி எல்லா விமான நிலையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே கேட்டுப் பதிய வேண்டும். மருந்துகளை மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் வைத்திருக்க வேண்டும். ஏற்றும் பெட்டியில் வைக்கலாகாது.

வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத அச்சம் ஒன்று உண்டு. 'போன இடத்தில் ஒன்று ஆகிவிட்டால்?' என்பதே அது. பேசிவிடுவது நல்லது. காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் வேண்டிய வேளையில் காப்பீடு நில்லாது. உடலைத் தாயகம் கொண்டு வரும் செலவையும் அது ஏற்குமா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டுமே கையெழுத்திட வேண்டும். நெஞ்சு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர், மருத்துவர் வேண்டாம் என்றால், போக வேண்டாம். அவர்களுக்குப் பிள்ளையார் காட்டிய வழி இருக்கின்றது. செந்தூர்ப் பிராகாரம் இருக்கின்றது. பிள்ளைகளின் மைலை அவர்களுக்கே திருப்பித் தந்து, அவர்களை ஊருக்கு வரச் சொல்லலாம்.

போய்வர இயன்றவர், மதுரையில் இறங்கி எட்டயபுரம் வழியே தூத்துக்குடி வந்து, வீட்டில் ஒரு நாள் தூங்கி எழுந்தபின் செந்தூர் செல்லட்டும். முதலில் கடலில் நீராடல். பின்னர் அதற்கு அடுத்தே உப்பில்லாத நீர் ஊறும் நாழிக்கிணறு. காலையில் சென்றால் உச்சிக்காலத்தைக் காணலாம். அப்பூசை முடிந்ததும் மேளதாளத்தோடு நிவேதனத்தைக் கரைக்கு எடுத்துச் சென்று கடலில் சேர்ப்பர். அதற்குக் கங்கை பூசை என்று பெயர். மயில் சுற்றிய உலகின் கடல்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்தவை; செந்தூர்க் கரையில் இட்ட அன்னம் நாள்தோறும் அந்த ஒரே கடலில்தான் சேர்கின்றது.